காயும் கண்கள்: மனிதருக்கும் நாய்க்கும் வரும் கண் வறட்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாகிவிட்டால் டெல்டாவில் எல்லோருக்கும் கண் உறுத்தும். அறுவடை மெஷின் கிளப்பும் தூசி, கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போது பறக்கும் பதர், ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் என்று காற்றில் இல்லாதது கிடையாது. மெடிக்கலில் போய், "கண்ணு உறுத்துதுண்ணே, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று வாங்கிப் போட்டால் நாலைந்து நாளில் சரியாகிவிடும். பெரும்பாலானவர்களுக்கு அத்தோடு முடிந்தது.

சிலருக்கு முடிவதில்லை. அறுவடை முடிந்து கோடை வந்த பிறகும் கண்ணில் மணல் விழுந்த மாதிரியே இருக்கும். அதே கடைக்கு, நாய்க்குப் பீளை தள்ளுகிறது என்று வருபவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே ஆன்டிபயாடிக் பாட்டில்தான் கிடைக்கும். ஒரு வாரம் தேவலை போலத் தெரியும், பிறகு பழைய கதை. இந்தக் கட்டுரை அந்த இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து எழுதியது. இருவருக்கும் வந்திருப்பது சில சமயம் ஒரே நோய்: உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சொந்தக் கண்ணீர்ச் சுரப்பியையே அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் கண் உறுத்தலுக்கு, கண்ணீரை அளந்து பார்க்காமல் அடுத்த பாட்டிலை வாங்காதீர்கள்.

முதலில், கண்ணீர் என்பது என்ன

அழும்போது வருவது மட்டும் கண்ணீர் இல்லை. கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஈரப் படலம் இருக்கிறது. அதில் மேலே எண்ணெய், நடுவில் நீர், அடியில் சளி. எண்ணெய் இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. நீர், புருவத்துக்குக் கீழே உள்ள கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து வருகிறது. எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். நீரே குறைந்தால் கருவிழி காயும். மனிதர்களிடம் முதல் வகைதான் அதிகம். நாய்களிடம் நீர் குறையும் வகை அதிகம்.

நாய்க்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு, கண்ணின் உள் மூலையில். அதன் அடியிலும் ஒரு சுரப்பி இருக்கிறது. நாயின் கண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், அங்கிருந்துதான் வருகிறது. குட்டி நாய்களுக்கு அது பிதுங்கி வெளியே வந்து கோவைப்பழம் மாதிரி சிவப்பாகத் தெரிவதைத்தான் செர்ரி ஐ என்கிறார்கள். "வெட்டி எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே தள்ளித் தைத்து வைப்பதுதான் முறை. வெட்டிவிட்டால் சில ஆண்டுகள் கழித்து அந்தக் கண் காய்ந்துபோகும் வாய்ப்பு கூடுகிறது.

முதல் படி: அறிகுறியைப் பார்ப்பது

மனிதருக்கு: எரிச்சல், மணல் உறுத்தல், மாலையானால் கண் சிவத்தல், படிக்கும்போது எழுத்து மங்கி, இமைத்ததும் தெளிவது. குழப்பமான ஒன்று, கண்ணில் தண்ணீர் கொட்டுவது. கண் காய்ந்து உறுத்தும்போது உடம்பு அவசரத்துக்கு நிறைய நீரைக் கொட்டுகிறது. அது கன்னத்தில் வழிந்து போய்விடுமே தவிர கண்ணில் தங்காது. பைக்கில் போகும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது என்பவர்களில் பலருக்கு உண்மையில் வறட்சிதான்.

நாய்க்கு: இங்கே தண்ணீர் கொட்டாது, பீளை கொட்டும். மஞ்சளாகவோ பச்சையாகவோ, பசை போல நூல் இழுக்கும் பீளை. துடைத்த ஒரு மணி நேரத்தில் திரும்ப வரும். கருவிழியின் பளபளப்பு போய்விடும். ஆரோக்கியமான நாயின் கண்ணில் டியூப்லைட் ஒரே கோடாகத் தெரியும். வறண்ட கண்ணில் அந்தக் கோடு உடைந்து சிதறித் தெரியும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை இது ஒன்றுதான், ஆனால் நல்ல சோதனை. நாள்பட்டால் கருவிழி மேல் ரத்தக் குழாய்கள் படரும், பழுப்பு நிறம் ஏறும், கடைசியில் பார்வை போகும். ஒரு பக்க மூக்கு மட்டும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்து, அதே பக்கக் கண்ணும் வறண்டிருந்தால் அது நரம்புக் கோளாறு, மருந்தே வேறு. மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பக், ஷிட்சு, லாசா ஆப்சோ, காக்கர் ஸ்பேனியல், புல்டாக் ஆகிய இனங்களுக்கு இது அதிகம். நம் ஊர் நாட்டு நாய்களுக்கும் வரலாம், குறிப்பாக டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் காய்ச்சல் வந்து பிழைத்தவற்றுக்கு.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு திறக்கவே மறுப்பது, கருவிழியில் வெள்ளையாகவோ நீலமாகவோ புள்ளி விழுவது, திடீரென்று பார்வை குறைவது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத வலி. இதில் எது இருந்தாலும், மனிதரோ நாயோ, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பக் மாதிரி துருத்திய கண் உள்ள நாய்க்குக் கருவிழிப் புண் வந்தால் ஓரிரு நாளிலேயே ஓட்டை விழலாம்.

இரண்டாம் படி: அளப்பது

சோதனையின் பெயர் ஷிர்மர் சோதனை. ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903-இல் சொன்ன முறை, இன்றுவரை மாறவில்லை. ஐந்து மி.மீ. அகலமுள்ள ஒரு வடிதாள் துண்டின் முனையை மடித்துக் கீழ் இமைக்குள், வெளிப்பக்கமாகச் சொருகுவார்கள். கண்ணீர் தாளில் ஊறி எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதுதான் கணக்கு.

மனிதருக்கு 5 நிமிடம் வைப்பார்கள். 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் தெளிவான வறட்சி. நாய்க்கு 1 நிமிடம் போதும். அதற்குள் 15 மி.மீ. தாண்டினால் நல்லது. 10-க்கும் 15-க்கும் நடுவே என்றால் சந்தேகம். 10-க்குக் கீழே வறட்சி, 5-க்குக் கீழே கடுமையான வறட்சி.

இதை எந்தச் சொட்டும் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டும். காலையில் சொட்டு போட்டுக்கொண்டு போனால் அளவு தப்பாக வரும், அதனால் அன்றைக்குப் போடாமல் போங்கள். தாளுக்குப் பிறகுதான் ஃப்ளோரசின் சாயம் விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எண்ணெய் வகை வறட்சியா என்று தெரிந்துகொள்ள, சாயம் விட்டு இமைக்காமல் இருக்கச் சொல்லி எத்தனை விநாடியில் படலம் உடைகிறது என்றும் எண்ணுவார்கள். மனிதருக்கு 10 விநாடிக்குள் உடைந்தால் கோளாறு.

எங்கே போவது? மனிதருக்குத் தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரிகளின் கண் பிரிவுகள் இருக்கின்றன. திருச்சியில் கண் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. நாய்க்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூர் கால்நடை மருந்தகத்துக்குப் போவதானால், ஷிர்மர் தாள் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். மாடு, ஆடு என்று நாள் முழுக்கப் பார்க்கும் இடத்தில் அது இல்லாமல் இருக்கலாம். அதில் மருத்துவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: காரணம் தேடுவது

அளவு குறைவு என்று தெரிந்துவிட்டது. சரி, ஏன் குறைந்தது?

முதலில் மருந்துப் பெட்டியைப் பாருங்கள். சளிக்குப் போடும் செட்ரிசின், குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினோயின் எல்லாமே கண்ணை உலர்த்தும். நாய்க்கு வயிற்றுப்போக்கு என்று கொடுக்கும் சல்ஃபா மாத்திரைகள் கண்ணீர்ச் சுரப்பியைப் பாதிக்கக்கூடும். சில நாய்களுக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் சுரப்பு திரும்புவதில்லை. தைராய்டு குறைவு, சர்க்கரை இரண்டும் நாய்க்கும் வரும், இரண்டுமே கண்ணை வறட்டும். சிறு குழந்தைக்குக் கண் வறண்டு மாலையில் பார்வையும் மங்கினால் வைட்டமின் ஏ குறைபாடு. தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் சந்தேகம் எதிர்ப்பு சக்திமேல் விழுகிறது. நாய்களில் இதுவே மிகச் சாதாரணமான காரணம். மனிதரில் இதற்கு ஷோக்ரன் நோய் என்று பெயர். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் 19 பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வேட்டில், கண்ணும் வாயும் காய்வதும் மூட்டு வலியும் சேர்ந்து வருவதை விவரித்தார். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுத்தர வயது. டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் தனக்கு இது இருப்பதாக 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு உடல் வலு உள்ளவரையே சோர்வு கீழே தள்ளியிருக்கிறது.

நம் ஊரில் இது கண்ணில் படாமல் தப்பிவிடுவதற்கு ஒவ்வொரு அறிகுறிக்கும் கைவசம் ஒரு விளக்கம் இருப்பதுதான் காரணம். கண் எரிந்தால் உடம்புச் சூடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. மூட்டு வலித்தால் போன தடவை வந்த சிக்குன்குனியா. அசதி என்றால் வயசு. காதுக்குக் கீழே வீங்கினால் பொன்னுக்கு வீங்கி, கழுத்தில் சங்கிலி போடு. பெரியவர்களுக்கு அந்த வீக்கம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது பொன்னுக்கு வீங்கியாக இருக்க வாய்ப்பு குறைவு. எச்சில் சுரப்பிதான் வீங்குகிறது.

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மா ஒருநாள் வெற்றிலை போடுவதை விட்டுவிட்டார். சாப்பிட்டதும் வெற்றிலைச் செல்லத்தைத் திறக்காவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது அவருக்கு. கேட்டால், "சுண்ணாம்பு சுடுதுடா" என்றார். அப்புறம்தான் கவனித்தோம்: முறுக்கு கடித்தால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர், இரவில் தலைமாட்டில் சொம்பு, ஈறு ஓரமாக வரிசையாகச் சொத்தைப் பல். பல் மருத்துவர் பல்லைப் பிடுங்கினார், கண் மருத்துவர் சொட்டு கொடுத்தார், மூட்டுக்கு வலி மாத்திரை. மூன்றையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்க மூட்டுவாத நிபுணர் ஒருவர் வேண்டியிருந்தது.

தண்ணீர் இல்லாமல் முறுக்கோ பொரியோ விழுங்க முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியது, எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறதா என்று காட்டும் ஏ.என்.ஏ., எஸ்.எஸ்.ஏ. என்னும் ரோ ஆன்டிபாடி, ருமடாய்டு ஃபேக்டர், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். ரோ ஆன்டிபாடி இல்லாவிட்டால் கீழ் உதட்டின் உள்பக்கத்திலிருந்து மிகச் சிறு எச்சில் சுரப்பிகளை எடுத்துப் பரிசோதிப்பார்கள். 2016-இல் வகுத்த சர்வதேச அளவுகோலில் இந்த உதட்டுப் பரிசோதனைக்கு 3 மதிப்பெண், ரோ ஆன்டிபாடிக்கு 3. ஷிர்மர் 5 மி.மீ.க்குள் இருந்தால் 1, சாயப் பரிசோதனையில் கண் மேற்பரப்பு மோசமாக இருந்தால் 1, எச்சில் நிமிடத்துக்கு 0.1 மி.லி.க்கு மேல் ஊறாவிட்டால் 1. மொத்தம் 4 வந்தால் ஷோக்ரன் என்று வகைப்படுத்துகிறார்கள். முடக்குவாதம், லூபஸ் போன்ற மற்ற எதிர்ப்பு சக்தி நோய்கள் உள்ளவர்களுக்கும் இதே வறட்சி துணைக்கு வரும்.

பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு ரோ ஆன்டிபாடி இருந்தால் மகப்பேறு மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நூற்றில் ஒன்றிரண்டு கருக்களுக்கு இதயத் துடிப்பு தடைப்படும் ஆபத்து உண்டு, ஸ்கேனில் கண்காணிப்பார்கள். இன்னொன்று, ஒரு பக்கச் சுரப்பி வீங்கி வற்றாமலே இருப்பது, காரணமில்லாத காய்ச்சல், எடை குறைதல். ஷோக்ரன் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வருவதால் இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

நாய்க்கு இத்தனை ரத்தப் பரிசோதனை தேவைப்படாது. தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள் பார்த்தால் போதும். ஜெர்மன் ஷெப்பர்டின் கருவிழியில் ஓரத்திலிருந்து சிவந்த திசு படர்ந்து வந்தால் அது பேனஸ் என்னும் வேறு எதிர்ப்பு சக்தி நோய், வெயில் பட்டால் ஏறும். தஞ்சாவூர் வெயிலில் ஹஸ்கி வளர்ப்பவர்களுக்கு (ஏன் வளர்க்கிறார்கள் என்பது தனிக் கேள்வி) ஒரு எச்சரிக்கை: கண் சிவந்து, மூக்கும் உதடும் நிறம் வெளுத்தால், மனிதருக்கு வரும் வோக்ட்-கொயனாகி-ஹராடா நோயின் நாய் வடிவமாக இருக்கலாம். அது கண்ணின் உட்பகுதியைத் தாக்குவது. நாள் கணக்கில் பார்வை போகும்.

நாயிடமிருந்து மனிதருக்கோ, மனிதரிடமிருந்து நாய்க்கோ இந்த வறட்சி ஒட்டாது.

நான்காம் படி: மருந்து

இந்த இடத்தில் நாய்க்கு மனிதர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். சைக்ளோஸ்போரின், சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களுக்கு உடம்பு அதை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மருந்து. 1980-களில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருந்த கால்நடைக் கண் மருத்துவர் ரெனி காஸ்வான் அதை வறண்ட கண்ணுள்ள நாய்களுக்குப் போட்டுப் பார்த்தார். தாக்குதல் அடங்கியது, கண்ணீரும் திரும்பச் சுரந்தது. நாய்க்கான 0.2% களிம்புக்கு அங்கே 1995-இல் அனுமதி கிடைத்தது. மனிதருக்கான 0.05% சொட்டு 2002-இல்தான் வந்தது.

எனவே இரண்டு பேருக்கும் மருத்துவர் எழுதித்தருவது பெரும்பாலும் அதே மருந்துதான், வீரியம் வேறு. நாய்க்கு டாக்ரோலிமஸ் 0.03% கண் களிம்பும் எழுதுவார்கள். கடையில் தோலுக்குப் போடும் டாக்ரோலிமஸும் இருக்கும். அதைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள்.

இந்த மருந்துகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அவற்றின் வேகம். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. நாய்க்கு நாலிலிருந்து எட்டு வாரம், மனிதருக்கு மூன்று மாதம்கூட ஆகும். முதல் சில நாள் எரியும். "போட்டும் ஒண்ணும் கேக்கலை" என்று பலர் விடுவது இந்தக் கட்டத்தில்தான். அதுவரை தாங்குவதற்குத்தான் செயற்கைக் கண்ணீர்: கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் அல்லது ஹயலூரோனேட் கலந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் போட வேண்டியிருந்தால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள் அடிக்கடி பட்டால் அதுவே கண்ணை அரிக்கும்.

எண்ணெய் வகை வறட்சிக்கு வெந்நீர் ஒத்தடம். துணியை நனைத்துப் பிழிந்து மூடிய இமை மேல் பத்து நிமிடம், ஆற ஆற மாற்றி, அப்புறம் இமையை ஓரத்தை நோக்கி மெதுவாக நீவ வேண்டும்.

ஷோக்ரன் உறுதியானால் மூட்டு வலிக்கும் அசதிக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுப்பார்கள். அது விழித்திரையைப் பாதிக்கிறதா என்று கண் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்சில் ஊற பைலோகார்பின் மாத்திரை உண்டு. வேலை செய்யும், ஆனால் வியர்வை கொட்டும். சித்திரை வெயிலில் அது எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்துமா கட்டுப்படாதவர்களுக்கு அது ஆகாது.

ஸ்டீராய்டு சொட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போட்ட மறுநாளே சிவப்பு போய்விடும், அதனால்தான் மெடிக்கலில் கேட்டு வாங்குகிறார்கள். கருவிழியில் புண் இருக்கும்போது அது விழுந்தால் புண் ஆழமாகும். நெல் சுணையோ வைக்கோல் தாளோ பட்ட கண்ணில் பூஞ்சைத் தொற்று வருவது தென்னிந்திய வயல்வெளிகளில் சாதாரணம். ஸ்டீராய்டு அந்தப் பூஞ்சைக்கு உரம். சாயம் விட்டுப் புண் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், அவர் சொன்ன நாள் மட்டும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதுவும் வேண்டாம். வறண்ட கண்ணுக்குக் கிருமியைத் தடுக்கும் தெம்பு ஏற்கனவே குறைவு.

ஐந்தாம் படி: நாய் கண்ணில் மருந்து போடுவது

எழுதிக் கொடுப்பது சுலபம், ஒரு பக்கைப் பிடித்து நாளைக்கு இரண்டு வேளை மருந்து போடுவதுதான் கஷ்டம். எங்கள் வீட்டில் பழகிய முறை இது.

முதலில் பீளையை எடுக்க வேண்டும். பீளை மேல் விழும் மருந்து கண்ணுக்குப் போகாது. மெடிக்கலில் நார்மல் சலைன் வாங்கி, சுத்தமான துணியை நனைத்து, கண் மேல் அரை நிமிடம் வைத்து ஊறவிட்டு, உள்மூலையிலிருந்து வெளியே துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் துணி. போர் தண்ணீர் வேண்டாம், வேதாரண்யம், நாகைப் பக்கத்து உப்புத் தண்ணீர் நிச்சயம் வேண்டாம். ஆற்றுத் தண்ணீரும்தான்.

நாய்க்கு எதிரே நின்று பாட்டிலை நீட்டினால் தலையைப் பின்னால் இழுக்கும். நாயை உங்கள் முழங்கால்களுக்கு நடுவே, அதன் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். இடது கையால் தாடையைத் தூக்கி, வலது கையின் அடிப்பகுதியை நெற்றியில் ஊன்றி, விரலால் மேல் இமையை இழுத்து, மேலிருந்து ஒரு சொட்டு. கை நெற்றியில் ஊன்றியிருப்பதால் நாய் அசைந்தாலும் பாட்டிலும் கூடவே அசையும், முனை கண்ணில் குத்தாது. களிம்பு என்றால் ஒரு அரிசி மணி அளவு போதும். முடிந்ததும் ஒரு துண்டு பிஸ்கட், தவறாமல்.

சொட்டு முதலில், களிம்பு கடைசியில், இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஐந்து நிமிடம். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்; வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வேறு ஆள் போடுவது நல்லது, இல்லையென்றால் கையுறை. நாயின் பாட்டிலை மனிதர் பயன்படுத்தக் கூடாது. மறுபுறமும் அப்படியே.

ஆறாம் படி: வீடும் வயலும்

அறுவடைக் காலத்தில் பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே படுக்காதீர்கள். நாயின் படுக்கையையும் டேபிள் ஃபேனுக்கு முன்னாலிருந்து நகர்த்துங்கள். செல்போன் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது, அதனால் வேண்டுமென்றே கண்ணை மூடித் திறக்க வேண்டும். சாம்பிராணி, கொசுவர்த்தி, வைக்கோல் எரிக்கும் புகை எல்லாம் வறண்ட கண்ணுக்கு விரோதி. வாய் காய்பவர்கள் சர்க்கரை போட்ட பானங்களை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் பல் போய்விடும். தண்ணீர், சர்க்கரையில்லாத சூயிங்கம், பல் மருத்துவர் சொல்லும் ஃப்ளோரைடு.

நாய்க்குட்டிக்கு டிஸ்டெம்பர் சேர்ந்த தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும் வரை சில வார இடைவெளியில் தொடர்ந்து போட்டுவிட்டால் ஒரு காரணம் ஒழிந்தது.

ஏழாம் படி: திரும்ப அளப்பது

நாய்க்கு மருந்து தொடங்கி நாலிலிருந்து ஆறு வாரத்தில் ஷிர்மர் தாளை மறுபடி வைக்க வேண்டும். இந்தத் தடவை சைக்ளோஸ்போரினை நிறுத்தாமல் போங்கள், செயற்கைக் கண்ணீரை மட்டும் அன்று காலை தவிர்த்தால் போதும். மருந்து கேட்கிறதா என்று பார்க்கத்தானே போகிறோம். அளவு ஏறியிருந்தால் சந்தோஷம், ஆனால் மருந்து நிற்காது. நிறுத்தினால் தாக்குதல் மறுபடி தொடங்கும். பெரும்பாலான நாய்களுக்கு இது ஆயுசுக்கும். அறுவடைப் பணம் வரும் மாதம் வாங்கிப் போட்டு, கை வறண்டதும் விட்டுவிடும் மருந்து இல்லை இது. செலவு கட்டுப்படியாகாது என்றால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், வேறு வழி யோசிப்பார்.

மருந்துக்கு மசியாத மனிதருக்குக் கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் மிகச் சிறிய பிளக் வைப்பார்கள். இருக்கும் கண்ணீர் கண்ணிலேயே தங்கும். நாய்க்குக் கடைசி வழி ஒரு அறுவை சிகிச்சை. கன்னத்தில் உள்ள எச்சில் குழாயை வாயிலிருந்து பிரித்துக் கண்ணுக்குத் திருப்பிவிடுவார்கள், எச்சில் கண்ணீரின் வேலையைப் பார்க்கும். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் அந்த நாய்க்குக் கண்ணிலிருந்து எச்சில் வழியும். எச்சிலில் உள்ள தாது உப்பு கருவிழியில் வெள்ளையாகப் படியக்கூடும், அதற்கும் ஒரு சொட்டு மருந்து இருக்கிறது. இதைச் செய்யும் மருத்துவர்கள் குறைவு. டெல்டாவிலிருந்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கலாம். புறப்படுவதற்கு முன் பழைய ஷிர்மர் அளவுகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.